ஏர்செல்லும் என் பாட்டனாரும்

ஒரு மரம் நிமிர்ந்து நிற்குங்கால் அதன் நிழலில் ஒதுங்குவோர் பலர். அது விழுந்த அன்றோ, அரிவாளின்றி அவ்வழிச் செல்வார் ஒருவரும் இலர். வாணிகத்திலும் இவ்வியல்பே காணப்படுகின்றது. ஓங்கி வளர்ந்த நிறுவனம் ஒன்று வீழ்ந்துபடின், அதற்குரிய பழியோடு உரியதல்லாத பழியும் அதன்மேல் ஏற்றப்படும். வீழ்ந்தது எழுந்து வந்து மறுமொழி கூறாதன்றோ? 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அடங்கிப்போன ஏர்செல் என்னும் கைப்பேசி நிறுவனத்தைப்பற்றி யான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் இதுவே. அதன்மேல் ஏற்றப்பட்ட பழிகளுள் ஒன்று என் வாயிலிருந்து பிறந்தது. அதனை இறக்கி வைத்தல் என் கடன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணல் தேரியின் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூர். ஆற்றுநீர் எட்டாத நிலம் அது. கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே அங்கு வாழையும் முருங்கையும் வளர்கின்றன. என் பாட்டனார் மோட்டார் பழுது பார்ப்பவர். எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டுவார். கிணற்றுள் இறங்கிய நீர்மூழ்கி மோட்டாரைக் கப்பி வைத்துத் தூக்குவார். ஸ்டார்ட்டர் கருகினால் அதனைப் பிரித்துச் செப்பனிடுவார். கோடைக் காலத்தில் மோட்டார் எரிந்துவிட்டால் வாழை சில நாள் பொறுக்கும். அதன்பின் இலை மடிந்து தொங்கிவிடும். பழுது பல வேளை இரவிலும் நேரும். ஆதலால் எங்கள் பக்கத்து விவசாயிக்கு வைத்தியர் எத்துணை வேண்டியவரோ, அத்துணை வேண்டியவர் என் பாட்டனார்.

கைப்பேசி இல்லாத நாளில் அவரைத் தேடி வருவோர் பட்ட பாட்டினை என் பாட்டியார் நகைச்சுவையோடு கூறுவார். ஒருவர் மிதிவண்டியில் வந்து நிற்பாராம். "வடக்கே போனார்" என்பாராம் பாட்டியார். வடக்கே சென்றால், "இப்பொழுதுதான் கிழக்கே போனார்" என்பார்களாம். இவ்வாறு நான்கு திசையும் சுற்றி, இறுதியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து படுத்துக்கொள்வாராம் அம்மனிதர். இரவு பாட்டனார் திரும்பி வரும்போது திண்ணையில் இரண்டு மூன்று பேர் உறங்கிக்கொண்டிருப்பது வழக்கமாம்.

இந்நிலையை மாற்றிய கருவியின் வரலாறு மிகச் சிறியது. 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியிற் பேசினார். இந்திய நாட்டில் முதன்முதல் நிகழ்ந்த கைப்பேசி உரையாடல் அதுவே. அக்காலத்தில் ஒரு நிமிடம் பேசுவதற்குப் பதினாறு ரூபாய் வரையிற் கட்டணம் இருந்தது. அன்றியும், கூப்பிட்டவர் மட்டுமன்றிக் கூப்பிடப்பட்டவரும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அத்தகைய கருவி செல்வர் சட்டைப்பையிற் பெருமைக்குரிய பொருளாய் இருந்ததே தவிர, மோட்டார் பழுது பார்ப்பவருக்கு அதனால் என்ன பயன்?

1999-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. மத்திய அரசாங்கம் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டிவந்த பெருந்தொகையான உரிமக் கட்டணத்தை நீக்கி, வருவாயில் ஒரு பங்கினைச் செலுத்தினாற் போதும் என்று விதித்தது. அவ்வாண்டிலேயே சி. சிவசங்கரன் என்னும் தமிழ்நாட்டு வணிகர் ஏர்செல்லைத் தொடங்கினார். 1980-களில் மலிவு விலையிற் கணிப்பொறி விற்றுப் பெயர் பெற்றவர் அவர். அந்நாளில் சென்னை தனியொரு வட்டமாகவும் எஞ்சிய தமிழ்நாடு மற்றொரு வட்டமாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. ஏர்செல் கால்கொண்டது சென்னையில் அன்று. அதற்கு வெளியே இருந்த தமிழ்நாட்டில். தலைநகரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஊர்களுக்கு வருவது ஏனைய பல நிறுவனங்களின் வழக்கம். இஃதோ ஊர்களில் தொடங்கித் தலைநகரை அடைந்தது. தென்னாட்டு மக்கள் அதனைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் எண்ணியதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

2003-ஆம் ஆண்டு மே மாதம் முதல், வரும் அழைப்புக்குப் பணம் இல்லை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஏழைத் தொழிலாளிக்குக் கைப்பேசியைக் கொடுத்தது உண்மையில் இவ்விதியே. கொத்தனாரும் தச்சரும் மோட்டார் பழுது பார்ப்பவரும் பிறரைக் கூப்பிடுதல் அரிது; பிறர் தம்மைக் கூப்பிடுதலே அவர்களுக்கு வேண்டுவது. 2004-ஆம் ஆண்டில் என் பாட்டனார் ஒரு பழைய கைப்பேசியும் ஏர்செல் சிம் ஒன்றும் வாங்கினார். வாங்கிய மறுநாள் சிவப்புப் பெயிண்ட் ஒரு டப்பாவும் தூரிகை ஒன்றும் வாங்கினார். தாம் பழுது பார்த்த தோட்டங்கள்தோறும் சென்று, மோட்டார்க் கொட்டகையின் சுவரில், ஸ்டார்ட்டருக்கு நேர் மேலே, தம் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்தார். இருட்டில் தீப்பெட்டி கிழித்துப் பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. எங்கள் திண்ணை வெறுமையாயிற்று. பாட்டியாருக்கு அதில் சிறிது வருத்தமே. யான் பிறந்து எண்ணறிந்த நாளில், முதன்முதல் மனப்பாடம் செய்த பத்திலக்க எண் அதுதான்.

பாட்டனாரின் எண் தோட்டந்தோறும் பரவிய அக்காலத்தில் ஏர்செல்லும் பரவியது. 2006-ஆம் ஆண்டில் மலேசிய நாட்டு மாக்சிஸ் நிறுவனம் அதன் பங்குகளில் 74 விழுக்காட்டைத் தனதாக்கிக்கொண்டது. மாக்சிஸின் உரிமையாளர் ஆனந்த கிருஷ்ணன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கோலாலம்பூரிற் பிறந்தவர். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் காலமானார். அவர் கைக்கு வந்தபின் ஏர்செல் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து இந்தியா முழுதும் செல்ல விரும்பியது. சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணியினரின் சட்டையில் அதன் பெயர் விளங்கிற்று. சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டி அதன் பெயரைத் தாங்கி நடந்தது. 2009-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், மும்பை நகரத்தில் நீர் தேங்கும் சுரங்கப்பாதை ஒன்றின் அருகே, தன் விளம்பரப் பலகையில் மெய்யான இரப்பர்ப் படகு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, ஆபத்து வந்தால் கயிற்றை அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்தது. மழை பெருகியபோது மக்கள் அப்படகில் ஏறிச் சென்றனர். 2010-ஆம் ஆண்டில், இந்தியக் காடுகளில் எஞ்சிய புலிகள் 1,411 தாம் என்று நாடெங்கும் பறை சாற்றியதும் அந்நிறுவனமே. எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு அவ்வெண் பின்னாளிலும் தெரிந்திருந்தது.

பெருமையோடு கடனும் வளர்ந்தது. 2010-ஆம் ஆண்டில் மூன்றாந் தலைமுறை அலைக்கற்றைக்கு அரசாங்கம் ஏலம் விட்டபோது, ஏர்செல் 13 வட்டங்களுக்கு ஏறக்குறைய 6,500 கோடி ரூபாய் கொடுத்தது. அதனையடுத்து நிகழ்ந்த அகன்ற அலைக்கற்றை ஏலத்தில் 8 வட்டங்களுக்கு 3,438 கோடி ரூபாய் கொடுத்தது. அவ்வாண்டிலேயே தனக்குச் சொந்தமான 17,500 கோபுரங்களை ஏறக்குறைய 8,400 கோடி ரூபாய்க்கு மற்றொரு நிறுவனத்திற்கு விற்க உடன்பட்டது. வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டு, அவ்வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவரை ஊரிற் கண்டிருக்கின்றோம். வாடகை தவறாத வரையில் அவர் வாழ்வில் வேறுபாடு ஒன்றும் தோன்றாது. தவறிய மாதத்தில்தான் வீடு தமதன்று என்பது நினைவுக்கு வரும்.

அந்த மாதம் எட்டு ஆண்டுகட்குப் பின்னர் வந்தது. இடையில் ஏர்செல் கைமாறிய முறைபற்றி 2011-ஆம் ஆண்டில் வழக்கு எழுந்தது. நிறுவனத்தை விற்கும்படி தம்மை வற்புறுத்தினர் என்பது சிவசங்கரனின் முறையீடு. குற்றஞ்சாட்டப்பட்டோர் அதனை மறுத்தனர். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லித் தனிநீதிமன்றம் தயாநிதி மாறனையும் அவர் தமையனாரையும் வழக்கினின்று விடுவித்தது. இதற்குள் சந்தையின் நிலையே மாறிப்போயிற்று. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஜியோ என்னும் புதிய நிறுவனம், பேச்சுக்கு விலையில்லை என்ற அறிவிப்போடு கடையைத் திறந்தது. தண்ணீர்ப் பந்தலுக்கு எதிரே மோர் விற்பவன் எத்துணை நாள் நிற்பான்? அம்மாதத்திலேயே ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு இணைந்துகொள்ள ஏர்செல் உடன்பாடு செய்தது. ஓராண்டுக்குப் பின், 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், அவ்வுடன்பாடு கைவிடப்பட்டது. 2018-ஆம் ஆண்டு ஜனவரியோடு குஜராத், மராட்டியம் முதலிய ஆறு வட்டங்களில் ஏர்செல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. யானை படுத்துவிட்டது என்பதை அப்பொழுதே அறிந்தவர் அறிந்தனர்.

எங்கள் ஊரில் ஒருவரும் அறிந்திலர். பிப்ரவரி 21-ஆம் நாளையொட்டித் தமிழ்நாடெங்கும் ஏர்செல் கைப்பேசிகள் ஊமையாயின. வாடகை நிலுவையின் பொருட்டுக் கோபுர நிறுவனத்தார் கோபுரங்களை அணைத்துவிட்டனர் என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. பல நகரங்களில் ஏர்செல் அலுவலகங்களின் முன் மக்கள் திரண்டு நின்றனர். என் பாட்டனாரோ முதல் நாள் முழுதும், பழுது தம் கருவியிலே இருக்கின்றது என்றே எண்ணினார். கைப்பேசியைப் பிரித்தார், பாட்டரியைக் கழற்றித் துணியால் துடைத்தார், சிம்மை எடுத்து ஊதி மீண்டும் பொருத்தினார். எந்திரம் ஓடாவிட்டால் பழுது அதனுள்ளேதான் இருக்கும் என்பது அவர் தொழில் அவருக்குக் கற்பித்த பாடம். மாலையில் தேநீர்க் கடைக்குச் சென்றபோதுதான், அங்கிருந்தோர் கைப்பேசிகளிற் பெரும்பாலானவை அவ்வாறே கிடந்ததைக் கண்டார்.

இவ்விடத்தில் ஒன்றை விளக்குதல் வேண்டும். நிறுவனம் வீழ்ந்தாலும் எண் வீழ வேண்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனவரி 20 முதல் இந்தியா முழுதும் வழங்கும் ஒரு முறையின்படி, ஒருவர் தம் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்திற்கு மாறிக்கொள்ளலாம். 1900 என்னும் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று மறுமொழியாக வரும். அதனையும் முகவரிச் சான்றையும் எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குச் சென்றாற் போதும். அக்குறியீடு அந்நாளில் 15 நாள்களுக்குச் செல்லும். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளரைக் கொண்ட ஒரு நிறுவனம் கவிழும்போதும், சிறியவர் தம் மூட்டையோடு கரையேறுவதற்கு ஒரு பலகை இடப்பட்டிருந்தது. அதன்மேல் நடந்து செல்ல வேண்டியது மட்டுமே நம் வேலை.

அவ்வேலை எனக்கு இடப்பட்டது. யான் அப்பொழுது ஆறாம் வகுப்பு மாணவன். பாட்டனாருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. "தம்பி, கடைக்காரர் சொன்ன செய்தியை நீ அனுப்பு. குறியீடு வந்ததும் சொல், இருவருமாக நாசரேத்துக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவோம்" என்று கைப்பேசியை என்னிடம் ஒப்படைத்தார். விடியற்காலையிற் சில இடங்களில் சிறிது நேரம் தொடர்பு கிடைக்கின்றது என்று சொன்னார்கள். அண்டை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு நாள் ஏறிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை விடியலில், செய்தி சென்றது; சிறிது நேரத்திற் குறியீடும் வந்தது. அது கைப்பேசியில் அழிந்துவிடுமோ என்று அஞ்சி, என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவ்வெட்டு எழுத்துகளையும் எழுதிக்கொண்டேன். அந்த அளவில் யான் செய்தது யாவும் சரியே.

அன்று காலை தேரியில் பக்கத்து ஊர்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. குறியீடு வந்தது என்று சொன்னால், அப்பொழுதே நாசரேத்துக்குப் புறப்பட நேரிடும். "வந்ததா தம்பி?" என்று பாட்டனார் கேட்டார். "இன்னும் வரவில்லை, தாத்தா" என்றேன். மாலையிற் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். மாலையிற் களைப்பு. மறுநாள் ஞாயிறு; கடை இல்லை. திங்கட்கிழமை கணக்கு நோட்டுகளை ஆசிரியர் திருத்துவதற்கு வாங்கிக்கொண்டார். பாட்டனார் மீண்டும் கேட்டார். மீண்டும் அதனையே சொன்னேன். முதல் நாள் அது விளையாட்டுக்காகச் சொன்ன பொய். பின்னர் அது முதற் பொய்யைக் காப்பதற்காகச் சொன்ன பொய். நோட்டு திரும்பி வந்து, ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நாளை எண்ணிப் பார்த்தேன்; பதினேழு நாள்கள் ஆகியிருந்தன.

மறுபடியும் மாடியேறினேன், தொடர்பு இல்லை. அதற்குள் பிப்ரவரி 28-ஆம் நாளே ஏர்செல், கடனைத் தீர்க்க இயலாதென்று மும்பையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திற்கு விண்ணப்பம் செய்துவிட்டது. ஊரெங்கும் அதே பேச்சு. யான் கீழே இறங்கி வந்து, "கம்பெனியையே மூடிவிட்டார்களாம், தாத்தா, இனிமேல் குறியீடு வராது" என்றேன். அப்பேச்சுக்கு ஊரே சாட்சியாய் நின்றது. பாட்டனார் வேறொருவரிடம் கேட்டிருந்தால், மீண்டும் முயன்றிருந்தால், அவ்வெண்ணை ஒருகால் மீட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, ஏனெனில் அவர் என்னை நம்பினார். புதிய சிம் ஒன்று வாங்கினார். பதினான்கு ஆண்டுகள் தோட்டந்தோறும் சிவப்பு எழுத்தில் நின்ற எண், வெறுஞ் சுவர் ஓவியம் ஆயிற்று.

மே மாத விடுமுறையில் என்னையும் உடனழைத்துக்கொண்டு எண்ணை மாற்றப் புறப்பட்டார். மொபெட்டின் பின்னே பெயிண்ட் டப்பாவைப் பிடித்தபடி யான் அமர்ந்திருப்பேன். பழைய எண்ணைச் சுண்ணாம்பால் மறைத்துப் புதியதை எழுதுவோம். நாற்பத்து மூன்று கொட்டகைகள் என்று யான் எண்ணி வைத்திருக்கின்றேன். ஒவ்வொரு தோட்டத்திலும், "என்ன மெக்கானிக் அண்ணாச்சி, நம்பரை மாற்றிவிட்டீர்கள்?" என்று கேட்பார்கள். "கம்பெனிக்காரன் கைவிட்டுவிட்டான். பையன் பாவம், விடியற்காலையில் மாடியேறி மாடியேறிப் பார்த்தான், அவன் குறியீடே அனுப்பவில்லை" என்பார் பாட்டனார். அது கேட்டு அவர்கள் ஏர்செல்லை வைவார்கள், என்னைப் புகழ்வார்கள். ஒருவர் என் முயற்சியைப் பாராட்டி இளநீர் வெட்டிக் கொடுத்தார். யான் அதைக் குடித்தேன்.

தேரிக்கு அப்பால் ஒரு கொட்டகை பூட்டிக் கிடந்தமையால் அதில் மாற்றாது வந்துவிட்டோம். அத்தோட்டத்து மோட்டார் அக்கோடையிலேயே எரிந்தது. உரியவர் இரண்டு நாள் பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருந்து, பின்னர் வேறொருவரைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். அதற்குள் வாழையிற் பாதி மடிந்தது. பல நாள் கழித்துப் பாட்டனாரைச் சந்தையிற் கண்டு, "நீர் தொழிலை விட்டுவிட்டீர் என்றல்லவா நினைத்தேன்!" என்றார் அவர். பாட்டனார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை.

கல்லூரிக்கு வந்தபின், இந்நிறுவனத்தின் கதையை அறிய விரும்பிக் கிடைத்த செய்திகளையெல்லாம் தேடிப் படித்தேன். மேலே கூறியவை அவ்வாறு அறிந்தவையே. என் நோக்கம் அறிவு மட்டும் அன்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன். அந்நிறுவனத்தின் குற்றம் மிகப் பெரிது என்று தெரியுமானால், என் சிறு குற்றம் அதனுள் மறைந்துவிடும் என்று உள்ளூர நம்பினேன். குற்றம் இருந்தது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பதை மறந்து ஏலத்தில் இறங்கியது குற்றம். பதினையாயிரம் கோடிக்கு மேற்பட்ட வங்கிக் கடனை ஏற்றிக்கொண்டது குற்றம். தொடர்பு அறுவதன் முன்னரே வாடிக்கையாளர்க்கு உரிய காலத்தில் தெளிவாக எடுத்துரையாமை பெருங்குற்றம். எனினும் ஒவ்வொரு கூட்டலிலும் வேறு பல கைகளும் தென்பட்டன. ஏல விலை ஏறியதால் அரசாங்கம் மகிழ்ந்தது. வங்கிகள் கடன் கொடுத்தன. விலையின்றிக் கிடைத்த இடத்திற்கு மக்களாகிய நாமும் ஓடினோம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், டாட்டா டோகோமோ, டெலிநார் என்று ஒவ்வொன்றாய்க் களத்தை விட்டு நீங்கின. வோடபோனும் ஐடியாவும் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒன்றாயின. ஆனந்த கிருஷ்ணன் இந்திய முயற்சியில் இழந்தது ஏறக்குறைய 700 கோடி டாலர் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன. இவ்வளவு பெரிய கணக்கேட்டை யான் முதலிலிருந்து இறுதி வரையிற் புரட்டினேன். அதில் என் பாட்டனாரின் எண் எழுதப்பட்டிருக்கவில்லை. அவ்வெண்ணுக்கு உரிய குறியீட்டை அந்நிறுவனம், தான் வீழ்ந்துகொண்டிருந்த வாரத்திலும், ஒரு சனிக்கிழமை விடியலில் எனக்கு முறையாக அனுப்பியிருந்தது.

2025-ஆம் ஆண்டு மே மாதம் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். பாட்டனாருக்கு இப்பொழுது கண்ணொளி குறைந்துவிட்டது. கையும் சிறிது நடுங்குகின்றது. ஆயினும் திண்ணையில் அமர்ந்து காயில் சுற்றுகின்றார். செப்புக் கம்பியை இத்தனை சுற்று என்று எண்ணிச் சுற்ற வேண்டும். எண்ணிக்கை தவறினால், சுற்றியதையெல்லாம் அவிழ்த்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தவறான சுற்றோடு ஓடவிட்டால் மோட்டார் எரிந்துபோகும். அவருக்காக யான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு காயில் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில், "தாத்தா, அந்தக் குறியீடு வந்தது" என்றேன். எந்தக் குறியீடு என்று அவர் கேட்கவில்லை. யான் முழுதும் சொல்லி முடிக்கும் வரையிற் கம்பியைக் கையிற் பிடித்தவாறே இருந்தார்.

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அல்லது, சிறு பிள்ளை செய்தது என்று சிரித்து ஆற்றுவார் என்று நம்பினேன். அவர் இரண்டும் செய்திலர். நெடுநேரம் பொறுத்து, "அப்படியானால் நாற்பத்து மூன்று தோட்டத்திலும் நான் பொய் சொல்லியிருக்கிறேன்" என்றார். சிறிது கழித்து, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டதே. செத்தவன் தலையில் நாமும் ஒரு கல்லை ஏற்றிவிட்டோமே" என்றார். ஏர்செல் என்பது நெடுந்தொலைவிலுள்ள செல்வர்களின் நிறுவனம். அதற்கு நேர்ந்த பழியால் இனி அதற்கு வருவதும் இல்லை, போவதும் இல்லை என்று யான் சொன்னேன். "அதற்கு இல்லை, சொன்ன வாய்க்கு உண்டே" என்றார் அவர்.

மறுநாள் மாலை மொபெட்டை எடுக்கச் சொன்னார். இம்முறை ஓட்டியவன் யான், பின்னே அமர்ந்தவர் அவர். எல்லாத் தோட்டங்களுக்கும் செல்ல அவர் உடல் இடங்கொடுக்கவில்லை. பதினொரு தோட்டங்களுக்குச் சென்றோம். உரியவர் சிலர் இறந்துபோயிருந்தனர். சிலர் நிலத்தை விற்றிருந்தனர். சிலருக்கு அந்நிகழ்ச்சியே நினைவில்லை. "நம்பர் மாறியதற்குக் கம்பெனியைக் குறை சொன்னேனே, அது தப்பு, எங்கள் வீட்டுத் தவறு" என்று பாட்டனார் முதல் தோட்டத்திற் கூறினார். என் பெயரை அவர் எடுக்கவில்லை. அங்கே யான் வாய் மூடி நின்றேன். இரண்டாம் தோட்டத்தில் அவர் அவ்வாறு தொடங்கியபொழுது, "தாத்தா தவறு அன்று, குறியீடு வந்தும் வரவில்லை என்று சொன்னவன் நான்" என்றேன். ஏனைய ஒன்பது இடங்களிலும் யானே சொன்னேன். ஒவ்வோரிடத்திலும் அதனைச் சொல்வது கடினமாகவே இருந்தது, பழக்கத்தால் எளிதாகவில்லை. இளநீர் கொடுத்த பெரியவர் மட்டும் என்னை உற்றுப் பார்த்து, "அதற்குத்தானா நான் காய் வெட்டிக் கொடுத்தேன்?" என்றார். பின்னர்ச் சிரித்தார். அச்சிரிப்பை ஏற்றுக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

இறுதியாகத் தேரிக்கு அப்பாலுள்ள கொட்டகைக்குச் சென்றோம். அங்கே இப்பொழுது வாழை இல்லை. நிலம் தரிசாய்க் கிடக்கின்றது. சுவரில் பழைய எண் சிவப்பு மங்கி இன்னும் நின்றது. சுண்ணாம்பு கொண்டு வரவில்லையே என்றேன். "இருக்கட்டும், இங்கே இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?" என்றார் பாட்டனார்.

நண்பர்களே, பெரியன வீழும்போது அவற்றின் வரலாற்றை எழுதுவோர் பலர் உளர். கோடிக் கணக்கைக் கூட்டிப் பார்ப்போரும் உளர். அவர்கள் எழுதட்டும். அத்தகைய வீழ்ச்சியின் புழுதியில் நம் சிறு குற்றங்களை மறைத்து வைத்தல் மிக எளிது. புழுதி அடங்கியபின் அவற்றை நாமே எடுத்துக் காட்டினாலன்றி, எடுத்துக் காட்டுவார் ஒருவரும் இலர். ஏர்செல் செய்த பிழைகளுக்கு அந்நிறுவனமே விடை கூறக் கடமைப்பட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்து நாற்பத்து மூன்று மோட்டார்க் கொட்டகைகளில் ஓர் எண் அழிந்ததற்கு விடை கூற வேண்டியவன் யான். எஞ்சிய தோட்டங்களுக்கு வரும் விடுமுறையிற் செல்வதாகப் பாட்டனாரிடம் சொல்லி வந்திருக்கின்றேன்.